அறுவடை மெஷினில் தானியங்கித் தீயணைப்புக் கிட்: எதை மாட்டலாம், எதைத் தவிர்க்கலாம்

தீயணைப்புக் கிட் விற்கிற எல்லோரிடமும் ஒரு வீடியோ இருக்கும். தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள். மேலே தொங்கும் குழாய் பட்டென்று வெடிக்கும், வெள்ளைப் புகை மூடும், தீ அணைந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டுக்கும் நெல் அறுக்கும் மெஷினின் இன்ஜின் ரூமுக்கும் மூன்று வித்தியாசம் உண்டு. தட்டில் வைக்கோல் தூசும் கருக்காயும் அடைந்திருக்காது. பக்கத்தில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்காது. இன்ஜின் புகை வெளியேறும் பாகங்களான டர்போவும் மேனிஃபோல்டும் 400, 500 டிகிரியில் காய்ந்துகொண்டு நிற்காது. கிடைக்கிற கிட் வகைகளை இந்த மூன்றையும் வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறோம்.

கணக்கில் எடுத்துக்கொண்டவை டெல்டாவில் குறுவைக்கும் சம்பாவுக்கும் ஓடுகிற 60 முதல் 75 குதிரைத்திறன் செயின் வண்டிகள், 100 குதிரைத்திறனை ஒட்டிய டயர் வண்டிகள். வைக்கோல் கட்டும் மெஷினைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியிருக்கிறோம்.

தீ எங்கே பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் சுணை (நெல்லின் நுண்தூசு) படிந்து, கறுத்து, கனன்றுகொண்டே இருக்கும். வண்டி ஓடும்போது ஃபேன் காற்று அதைக் கொஞ்சம் ஆற்றி வைத்திருக்கும். டீ குடிக்க இன்ஜினை நிறுத்தியதும் அந்தக் காற்றும் நிற்கும், ரூமுக்குள் சூடு ஏறும். வண்டி நின்றபிறகு புகை வருவது அதனால்தான். அடுத்தது, ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித்துளை விழுந்து எண்ணெய் பனிபோலத் தெளித்து சைலன்சரில் படுவது. அதற்கடுத்தது வயரிங்: ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடிமனான பாசிட்டிவ் கேபிள் தகடில் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆவதும், ராத்திரி அறுப்புக்காக ஃபியூஸ் இல்லாமல் இழுத்த கூடுதல் லைட் வயர்களும். சீசன் முடிந்து நாலு மாதம் ஷெட்டில் நின்ற வண்டியில் எலி கட்டிய கூடும் இந்தக் கணக்கில் சேரும். வைக்கோலும் கந்தலும் சேர்த்து அது கூடு கட்டுவது பெரும்பாலும் பேட்டரிக்குப் பின்னாலோ இன்ஜின் மேல்மூடிக்குக் கீழேயோதான்.

இன்ஜின் ரூமுக்கு வெளியேயும் தீ பிடிக்கும். எலிவேட்டர் பேரிங் கடித்துக்கொண்டு பழுக்கலாம், பெல்ட் வழுக்கிப் புகையலாம், உருளை தண்டில் வைக்கோல் சுற்றி இறுகலாம். கடையில் விற்கிற எந்தக் கிட்டும் அங்கெல்லாம் போகாது. இன்ஜின் ரூம் ஒன்றை மட்டும்தான் அது பார்த்துக்கொள்ளும். வாங்குகிறவருக்கு இதை முதலில் சொல்லவேண்டும், விற்கிறவர்கள் சொல்வதில்லை.

பந்தும் ஏரோசாலும்

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் தீயணைப்புப் பந்து, சுமார் 1.3 கிலோ எடை. தீ நேரடியாக நாக்கை நீட்டித் தொட்டால் சில வினாடிகளில் வெடித்துப் பவுடரைத் தூவும். தீ தொடவேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். சுணை கனலும்போது சுவாலை இருக்காது, புகைதான் இருக்கும். சுவாலை எழுந்தாலும் ஃபேன் காற்று அதைப் பந்து இருக்கும் பக்கம் தள்ளுமா, எதிர்ப்பக்கம் தள்ளுமா என்று யாராலும் சொல்லமுடியாது. தெர்மோகோல் ஓடு ஒரு சீசன் அதிர்வுக்கே பிளந்துவிடும். வீட்டு மீட்டர் பெட்டிக்கு மேலே வைக்கலாம், மெஷினுக்கு வேண்டாம்.

ஏரோசால் டப்பாவில் அழுத்தம் கிடையாது, கேஜ் கிடையாது, கசிவும் கிடையாது. பொட்டாசியம் உப்புக் கட்டி ஒன்று எரிந்து நுண்ணிய புகையாக வெளிவந்து தீயை அடக்கும். மூடிய மின்பலகைக்குள் அருமையாக வேலை செய்யும் சாமான். செயின் வண்டியின் இன்ஜின் ரூமோ அடியில் திறந்தது, ஒரு பக்கம் சல்லடை, மறுபக்கம் பாதி மூடி. புகை நிற்பதற்கு இடமில்லை. இன்னொன்றும் உண்டு. டப்பாவின் வாயிலிருந்து வரும் புகையே கொதிக்கும் சூடு. எதிரே இத்தனை சென்டிமீட்டர் காலியாக இருக்கவேண்டும் என்று கம்பெனித் தாளில் போட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் வைக்கோல் தூசு அடைந்தால், அணைக்க வந்த டப்பாவே கொளுத்திவிட்டுப் போகும்.

வாயு நிரப்பிய கிட்

எஃப்கே-5-1-12 என்ற திரவ வாயுவும் எஃப்எம்-200 என்ற பெயரில் அறியப்படும் எச்எஃப்சி-227இஏ வாயுவும் இந்த வகை. துடைக்கவேண்டிய அவசியமில்லை, வயரைக் கெடுக்காது என்று சொல்லி விற்பார்கள், அது உண்மைதான். ஆனால் இவை தீயை அணைக்க, குறிப்பிட்ட செறிவில் சிறிது நேரமாவது அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். ஃபேன் சுற்றும் திறந்த ரூமில் அவை நிற்கப்போவதில்லை. டர்போ சூடும் ஆறாது. வாயு கலைந்ததும் அதே டீசல் கசிவு அதே இரும்பில் பட்டு மறுபடி பற்றும். நோவெக் 1230 என்ற பெயரில் எஃப்கே-5-1-12 விற்றுவந்த 3எம் நிறுவனம், 2025 இறுதிக்குள் இந்த வகை ரசாயனத் தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. மற்றவர்கள் தயாரிக்கிறார்கள் என்றாலும், ரீஃபில் யாரிடம், என்ன விலைக்கு என்று எழுதி வாங்காமல் பணம் கட்டவேண்டாம்.

பவுடர் கிட்: பெரும்பாலானவர்களுக்கு இதுதான்

6 கிலோ ஏபிசி பவுடர் (திடப்பொருள், எண்ணெய், வாயு என மூன்று வகைத் தீக்குமானது) சிலிண்டர், அதிலிருந்து இன்ஜின் ரூமுக்குள் ஓடும் உணர்குழாய் (உள்ளே அழுத்தம் நிரம்பி, சூடு பட்டால் வெடிக்கும் குழாய்), 3 அல்லது 4 நாசில்கள். இதுதான் செட். இதிலும் இரண்டு மாதிரி உண்டு, விலையும் மாறும். நேரடி மாதிரியில் உணர்குழாயே நாசில். சூடு பட்ட இடத்தில் குழாய் வெடித்து அந்த ஓட்டை வழியாகவே பவுடர் வரும். மறைமுக மாதிரியில் குழாய் வெறும் காவலாளி. அது வெடித்து அழுத்தம் இறங்கியதும் சிலிண்டரின் வால்வு திறந்து, தனி எஃகுக் குழாய்கள் வழியாக எல்லா நாசிலிலிருந்தும் ஒரே நேரத்தில் பவுடர் கொட்டும். அறுவடை மெஷினுக்கு மறைமுக மாதிரிதான் சரி. வெடித்த ஒற்றை ஓட்டை டர்போவின் மேல்பக்கம் இருந்து, தீ கீழே டீசல் ஃபில்டரில் இருந்தால் நேரடி மாதிரி என்ன செய்யும்?

உணர்குழாய் வழக்கமாகச் சுமார் 110 டிகிரியில் வெடிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், குழாயிலேயே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். மேனிஃபோல்டிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி, தீ மேலே எழும் பாதையில், மூடியின் உள்பக்கமாக ஓட்டவேண்டும். இன்ஜினை நிறுத்தியதும் சூடு ஏறும் என்று மேலே சொன்னோமே, குழாயை நெருக்கிக் கட்டினால் அந்தச் சூட்டிலேயே தீயில்லாமல் வெடித்துவிடும். 30 சென்டிமீட்டருக்கு ஒரு ரப்பர் கிளாம்ப். தகட்டில் துளை போட்டு நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அது இல்லாவிட்டால் அதிர்வில் தகடு குழாயை அறுத்துவிடும்.

நாசில்கள்: டர்போவை நோக்கி ஒன்று, டீசல் பம்பு, ஃபில்டர் பக்கம் ஒன்று, ஸ்டார்ட்டர், பேட்டரி கேபிள் பக்கம் ஒன்று, ஹைட்ராலிக் பம்பு பக்கம் ஒன்று. ஃபேன் காற்று எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையோடு பவுடரும் போகும்படி திருப்பவேண்டும். காற்றுக்கு எதிராக வைத்தால் பாதிப் பவுடர் சல்லடை வழியாக வெளியே போய்விடும். ஒவ்வொரு நாசிலுக்கும் ரப்பர் தொப்பி இருக்கவேண்டும், அழுத்தம் வந்ததும் அது தானே கழன்று விழும். தொப்பி இல்லாத நாசில் 10 நாள் அறுப்பில் தூசு அடைத்துக் களிமண்போல இறுகிவிடும். கொட்டேஷனில் தொப்பியைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சீசனுக்கு ஒரு செட் உதிரியும் வேண்டும்.

சிலிண்டரை இன்ஜின் ரூமுக்குள் வைக்கக்கூடாது. அதன் உயர்ந்தபட்ச வெப்ப வரம்பு பெரும்பாலும் 55, 60 டிகிரிதான். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னாலோ தானியத் தொட்டியின் வெளிச்சுவரிலோ நேர்நிலையாக, இரண்டு எஃகுப் பட்டைகளோடு பொருத்தவேண்டும். உள்ளே உறிஞ்சுகுழாய் அடிவரை போகிறது, அதனால் படுக்க வைத்தால் பவுடர் வராமல் நைட்ரஜன் மட்டும் சீறிவிட்டுப் போகும்.

நின்றநிலையிலும் அதே கதி வரலாம், பவுடர் கிட்டின் பெரிய குறையே அதுதான். நாள் முழுக்க அதிர்கிற வண்டியில் பவுடர் மெல்ல மெல்ல அமுங்கி, அடியில் கட்டியாகிவிடும். வால்வு திறந்ததும் வாயு அந்தக் கட்டியில் ஒரு துளை போட்டுக்கொண்டு வெளியேறும், பவுடர் உள்ளேயே கிடக்கும். கேஜ் கடைசிவரை பச்சையில்தான் காட்டியிருக்கும். சுரங்க வண்டிகளுக்கு ஆன்சுல் போன்றவர்கள் செய்யும் ஏ-101 மாதிரியில் பவுடர் தொட்டி தனி, வாயுக் குப்பி தனி. அடிக்கும் நேரத்தில்தான் வாயு தொட்டிக்குள் புகுந்து பவுடரைக் கிளறும். அந்த அமைப்பு நம் செயின் வண்டிக்குக் கொஞ்சம் பெரிய செலவு. அது இல்லாவிட்டால் 3 மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே பவுடர் சரிந்து ஓடுவது கைக்குத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். கட்டியாக ஒரே இடத்தில் நின்றால் ரீஃபில்தான், தட்டித் தட்டிச் சரிசெய்ய முயலவேண்டாம்.

கழற்றும்போது கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சிலிண்டருக்கும் உணர்குழாய்க்கும் நடுவில் சின்ன பால் வால்வு இருக்கும். அதை மூடாமல் குழாயைக் கழற்றினால் அழுத்தம் போய்விட்டதாக நினைத்து மொத்தப் பவுடரும் உங்கள் மேலேயே கொட்டும். எனவே மூடிவிட்டுத்தான் கழற்றுவார்கள். திருப்பி மாட்டியபிறகு திறக்க மறந்துவிடுவார்கள்! கிட் செத்துக் கிடக்கும், சிலிண்டர் கேஜ் மட்டும் பச்சையில் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான்: உணர்குழாயின் கடைசி முனையில் இரண்டாவது கேஜ். சிலிண்டரில் 15 பார், முனையில் பூஜ்யம் என்றால் வால்வு மூடியிருக்கிறது. முனைக் கேஜ் இல்லாத கிட்டை விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள். வால்வுக் கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. திறந்த நிலையிலேயே கம்பி போட்டு ஈய முத்திரை வைக்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் நிற்காவிட்டால் பாதி வேலைதான்

பவுடர் கொட்டி முடியச் சுமார் 10 வினாடி. அந்த 10 வினாடியும் ஃபேன் சுற்றினால் பவுடரில் கணிசமான பகுதி வெளியே போகும், டீசல் பம்பும் கசிகிற இடத்துக்கு டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சிலிண்டரில் ஒரு பிரஷர் சுவிட்ச் வேண்டும். அழுத்தம் இறங்கிய உடனே அது இன்ஜினை நிறுத்தவேண்டும், ஹாரனையும் அடிக்கவேண்டும்.

இங்கே எலக்ட்ரீஷியன் தடுமாறும் இடம் ஒன்று. இன்ஜின் நிறுத்தும் சொலினாய்டில் (கரண்டில் இயங்கி டீசலை அடைக்கும் மின்காந்தம்) இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு, ஓடுவதற்கே கரண்ட் வேண்டும். கரண்டைத் துண்டித்தால் நின்றுவிடும். சுவிட்சை வரிசையில் சேர்த்தால் போதும், தீயில் வயர் எரிந்து அறுந்தாலும் இன்ஜின் நின்றுவிடும். இன்னொன்றுக்கு, நிறுத்துவதற்குக் கரண்ட் வேண்டும். அதில் வயர் எரிந்துவிட்டால் இன்ஜின் நிற்காது. அந்த வகை வண்டியில் சொலினாய்டு வயரை இன்ஜின் ரூமுக்கு வெளியே சுற்றி எடுத்து, தீ தாங்கும் உறை போட்டுக் கொண்டுவரவேண்டும், கூடவே கையால் இழுக்கும் ஸ்டாப் கேபிளையும் விட்டுவைக்கவேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய, இன்ஜின் ஓடும்போது சொலினாய்டு கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் முதல் வகை. கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் இன்ஜினில் இந்தப் பரிசோதனையைச் செய்யவேண்டாம், சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள்.

பேட்டரியைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் கிட்டோடு வராது. தனியாக வாங்கி, தரையில் நின்று எட்டும் உயரத்தில் வையுங்கள். ஷார்ட் ஆன கேபிள் பவுடருக்கு அடங்கினாலும் கரண்ட் இருக்கும்வரை மறுபடி பொறி விடும்.

கையால் இயக்கும் லீவரும் இரண்டு வேண்டும், ஓட்டுநர் பக்கம் ஒன்று, இன்ஜின் இல்லாத பக்கத்தில் தரையிலிருந்து எட்டும்படி இன்னொன்று. சுணை கனலும்போது குழாய் வெடிக்கும் சூடு வருவதற்குள் ஓட்டுநர் மூக்கில் வாடை ஏறிவிடும். காத்திருக்காமல் இழுத்துவிட வேண்டியதுதான். பல கிட்களில் லீவரைத் தனி விலைக்கு விற்கிறார்கள், அது கூடுதல் சாமான் இல்லை, அவசியச் சாமான்.

நீர் வகை

தண்ணீரோடு நுரையும் உறைதடுப்பும் கலந்து நுண்துளியாகத் தெளிக்கும் கிட்கள் பஸ் இன்ஜின் ரூமுக்காக வளர்ந்தவை. சுவீடனின் ஃபாக்மேக்கர் இதில் பெயர் பெற்றது. பிஸ்டன் வைத்த சிலிண்டரிலிருந்து உயர் அழுத்தத்தில் மூடுபனிபோல வரும். பிஸ்டன் தள்ளுவதால் சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் வேலை செய்யும், கட்டியாகவும் வழியில்லை. பவுடர் செய்யாத ஒன்றை இது செய்யும்: இரும்பை ஆற்றும். வைக்கோலுக்குள் ஊறும். ஆரம்பத்தில் சொன்ன மூன்று பரீட்சையில் வைக்கோலிலும் சூட்டிலும் இது தெளிவாக முந்துகிறது. ஃபேன் விஷயத்தில் மட்டும் பவுடருக்கு இருக்கும் அதே பலவீனம், ஆக இன்ஜின் நிறுத்தும் சுவிட்ச் இதற்கும் வேண்டும்.

விலையும் சர்வீசும்தான் தடை. சென்னை, கோயம்புத்தூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சாமான், மன்னார்குடியில் ரீஃபில் கேட்டால் கிடைக்காது. ஜனவரி கடைசியில் சம்பா அறுப்பு உச்சத்தில் ஒருமுறை அடித்துவிட்டால் திரும்ப நிரப்ப எத்தனை நாள் ஆகும் என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். நாலைந்து டயர் வண்டி வைத்திருப்பவருக்கு இது நியாயமான செலவு. ஒரு செயின் வண்டிக்காரருக்கு அப்படிச் சொல்லமுடியாது.

சான்று கேட்கும்போது ஒரு குறிப்பு. நம் நாட்டில் பஸ் இன்ஜின் ரூம் தீயணைப்புக்கு ஏஐஎஸ்-135 என்ற தரம் உண்டு. அது அறுவடை மெஷினுக்கு எழுதியதல்ல, ஆனால் அந்தச் சோதனை அறிக்கை உள்ள கிட் உண்மையான இன்ஜின் தீயில் சோதிக்கப்பட்டது என்று நம்பலாம். ஆஸ்திரேலியாவில் நகரும் இயந்திரங்களுக்கென்றே ஏஎஸ் 5062 உண்டு. கை தீயணைப்பானுக்கான ஐஎஸ் 15683 சான்றைக் காட்டி "எங்கள் கிட்டுக்கு ஐஎஸ்ஐ இருக்கிறது" என்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு சாமானுக்கான சான்று.

அடித்தபிறகு

உடனே மூடியைத் திறக்காதீர்கள், காற்று புகுந்தால் மறுபடி பற்றும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு 20, 30 நிமிஷம் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு மெல்லத் திறந்து, கனலும் சுணையில் தண்ணீர் விடவேண்டும். கொதிக்கும் டர்போ வார்ப்பில் நேராகப் பீய்ச்சினால் விரிசல் விடும், சுற்றியுள்ள குப்பையை நனைத்தால் போதும்.

ஏபிசி பவுடர் ஈரம் பட்டால் அமிலத்தன்மை கொள்ளும். அலுமினிய ரேடியேட்டரையும் கனெக்டர் பின்களையும் அரிக்கும். அன்றைக்கே கம்ப்ரசரில் ஊதி, ஒட்டியதைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, சில நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிடவேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. பவுடர் உள்ளே போனால் டர்போவும் லைனரும் தேயும்.

வைக்கோல் கட்டும் மெஷினில் இன்ஜின் கிடையாது, அதனால் மேலே சொன்ன எந்தக் கிட்டும் அதற்கு உதவாது. அங்கே தீ உருளை பேரிங்கிலும் கட்டு அறைக்குள்ளும் பிடிக்கும், உள்ளே கனலும் வைக்கோலைப் பவுடர் தொடக்கூட முடியாது. 9 லிட்டர் தண்ணீர் தீயணைப்பான் ஒன்றும், களைக்கொல்லி வாடை இல்லாத ஒரு ஸ்பிரேயர் டாங்கும்தான் அதற்கு. கட்டை வெளியே தள்ளிவிட்டு, பின்னைக் கழற்றி டிராக்டரை விலக்குவது எல்லாவற்றிலும் வேகமான வழி.

அறுவடை மெஷினிலும் கிட் மாட்டியதற்காகக் கைத் தீயணைப்பானை எடுத்துவிடக்கூடாது. ஓட்டுநர் பக்கம் 4 அல்லது 6 கிலோ ஏபிசி ஒன்று, தரையிலிருந்து எட்டும் உயரத்தில் 9 லிட்டர் தண்ணீர் ஒன்று. இன்ஜின் ரூமுக்கு வெளியே பேரிங் பழுத்தால் இவை இரண்டும்தான் கை கொடுக்கும்.

எங்கள் தேர்வு: செயின் வண்டிக்கு மறைமுக மாதிரி 6 கிலோ பவுடர், முனைக் கேஜ், பிரஷர் சுவிட்ச், இரண்டு லீவர், தொப்பியுள்ள 4 நாசில். 4 கிலோ போதும் என்பவரிடம், ரூமின் அடிப்பாகம் திறந்திருப்பதைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். டயர் வண்டிக்குப் பணம் இருந்தால் நீர் வகை. மாட்டிய அன்றே பால் வால்வை மூடிவிட்டு, பிரஷர் சுவிட்ச் வயரைக் கழற்றி (நிறுத்தக் கரண்ட் வேண்டிய வகையில், கழற்றிய இரு முனையையும் சேர்த்து), இன்ஜின் நிற்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். காட்டி முடித்ததும் வயரைத் திருப்பி மாட்டி, வால்வைத் திறந்து, முனைக் கேஜ் பச்சையில் நிற்பதைப் பார்த்தபிறகு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.